குணத்தையும் துயரத்தையும் ஒரே நாளில் அளந்தால்

கேள்வி சுருக்கமாக இது: இறுதியாண்டு ஆய்வுக்காக மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் 18 முதல் 25 வயது வரையான 200 தமிழ் பேசும் இளைஞர்களைச் சந்திக்கவேண்டும். ஆளுமைக் குணங்களை அளக்கும் பி.ஐ.டி-5 (PID-5) வினாக்கொத்தின் 25 கேள்வி வடிவத்தையும், மனச்சோர்வு, பதகளிப்பு (anxiety), நெருக்கீடு (stress) மூன்றையும் அளக்கும் டாஸ்-21 (DASS-21) ஐயும் ஒரே நாளில் கொடுத்து, எந்த இசைவற்ற ஆளுமைக் குணம் மனச்சோர்வையும் பதகளிப்பையும் உண்டாக்குகிறது என்று காட்டலாமா?

"உண்டாக்குகிறது" என்ற சொல்லை இப்போதே எடுத்துவிடுங்கள். ஒரே ஆள் ஒரே நாளில் நிரப்பிய இரண்டு தாள்களை வைத்து எது முந்தி, எது பிந்தி என்று யாராலும் சொல்லமுடியாது. மாதக்கணக்காகச் சோர்ந்திருக்கும் ஒருவரிடம் அவருடைய குணத்தைக் கேட்டால், "நான் எப்பவும் இப்பிடித்தான்" என்றுதான் சொல்வார். தொடர்பு இருக்கிறதா, எவ்வளவு, எந்தக் குணத்தோடு கூடுதல் என்பவற்றைக் காட்டலாம். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. நீங்கள் தெரிந்தெடுத்த இரண்டு கருவிகளும் சில இடங்களில் ஒரே விஷயத்தையே இரண்டு தடவை கேட்கின்றன. அதைக் கவனியாமல் விட்டால், ஆய்வறிக்கையில் நீங்கள் பெருமையாகப் போடப்போகும் மிகப் பெரிய இணைபுக் குணகமே (இரண்டு அளவீடுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் எண்) ஐயத்துக்குரியதாகிவிடும்.

முதலில் கருவியைப் பார்ப்போம். பி.ஐ.டி-5 ஐ ராபர்ட் குரூகரும் குழுவினரும் 2012 இல் வெளியிட்டார்கள். 2013 இல் வந்த டி.எஸ்.எம்-5 (DSM-5) என்ற அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலின் மூன்றாம் பகுதியில் ஆளுமைக் கோளாறுகளுக்கான மாற்று முறை ஒன்று இருக்கிறது. இந்த வினாக்கொத்து அதற்குரியது. முழு வடிவத்தில் 220 கேள்விகள், 25 உபகுணங்கள், அவற்றைத் தொகுத்த 5 பெருங்களங்கள். இடையில் 100 கேள்வி வடிவமும் உண்டு. உங்களுடைய 25 கேள்வி வடிவத்தில் களத்துக்கு 5 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. எதிர்மறை உணர்வுநிலைக்கு 8, 9, 10, 11, 15; விலகிநிற்றலுக்கு 4, 13, 14, 16, 18; பகைமைக்கு 17, 19, 20, 22, 25; கட்டுப்பாடின்மைக்கு 1, 2, 3, 5, 6; உளப்பிறழ்வுச் சாயலுக்கு 7, 12, 21, 23, 24. ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் களப் புள்ளி. 220 கேள்வி வடிவத்தில் 16 கேள்விகளைத் திருப்பிப் (0 ஐ 3 ஆக, 3 ஐ 0 ஆக) புள்ளியிடவேண்டும். உங்களுடையதில் அந்தத் தொல்லை இல்லை.

விடுபட்ட பதில்களுக்கும் விதி உண்டு. ஒரு களத்தில் ஒரு கேள்வி மட்டும் விடுபட்டிருந்தால், பதில் சொன்ன நான்கின் கூட்டுத்தொகையை 5 ஆல் பெருக்கி 4 ஆல் வகுத்துக்கொள்ளலாம். இரண்டு விடுபட்டால் அந்தக் களத்துக்குப் புள்ளி இல்லை. முழுத்தாளில் 7 அல்லது அதற்கு மேல் விடுபட்டால் மொத்தப் புள்ளியைப் பாவிக்கக்கூடாது. வெற்றிடத்தில் பூச்சியம் போட்டு நிரப்பும் பழக்கம் நம் பக்கத்தில் நிறைய உண்டு. அப்படிச் செய்தால் கூச்சப்பட்டுப் பதில் சொல்லாத ஆளை நீங்களே நல்லவராக்கிவிடுகிறீர்கள். இந்தப் புள்ளி நோய் நிர்ணயமும் அல்ல. "இத்தனைக்கு மேல் கோளாறு" என்று வெட்டுப்புள்ளி வைத்து மாணவர்களை இரண்டாகப் பிரிக்காதீர்கள். ஆளுமைத் தொழிற்பாடு எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பது வேறு கேள்வி, அதற்கு எல்.பி.எஃப்.எஸ் என்ற அளவையின் 12 கேள்விச் சுருக்க வடிவத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி-11 (ICD-11) என்ற உலக சுகாதார நிறுவன நோய் வகைப்பாடும் முதலில் கடுமையைத்தான் பார்க்கிறது. குணங்கள் அதற்குப் பிறகு. அங்கே உளப்பிறழ்வுச் சாயல் ஒரு களமாக இல்லை. அதற்குப் பதிலாக, எல்லாம் சீராகவும் தன் ஒழுங்கிலும் இருந்தே ஆகவேண்டும் என்ற இறுக்கம் ஒரு களமாக இருக்கிறது. அந்தக் குணத்தை உங்கள் 25 கேள்விகள் பிடிக்காது என்பதை வரையறைகள் பகுதியில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

இப்போது வில்லங்கத்துக்கு வருவோம். பி.ஐ.டி சுருக்க வடிவத்தின் 18 ஆம் கேள்வி, எதிலும் உற்சாகம் வருவது அரிது என்று சொல்கிறது. டாஸ்-21 இன் 16 ஆம் கேள்வி, கடந்த வாரத்தில் எதிலும் உற்சாகம் கொள்ள முடியவில்லை என்று சொல்கிறது. முந்தியது விலகிநிற்றல் என்ற "குணத்தில்" கூட்டப்படுகிறது, பிந்தியது மனச்சோர்வு என்ற "துயரத்தில்". தமிழில் போட்டுப் பாருங்கள்: இரண்டும் ஏறக்குறைய ஒரே வசனம். பி.ஐ.டி 4 ஆம் கேள்வி, தான் செய்வதில் எதற்கும் அர்த்தமில்லை என்ற எண்ணம். டாஸ் 21 ஆம் கேள்வி, வாழ்க்கைக்கு அர்த்தமில்லை என்ற எண்ணம். பி.ஐ.டி 15, எதற்கெடுத்தாலும் எரிச்சல். டாஸ் 18, தொட்டதற்கெல்லாம் சுருக்கென்று வருவது. இவற்றோடு பி.ஐ.டி 8 ஆம் கேள்வி, எல்லாவற்றையும் பற்றிய கவலை; 9 ஆம் கேள்வி, சிறு காரணத்துக்கும் உணர்ச்சிவசப்படுவது. இப்படி அளந்துவிட்டு, எதிர்மறை உணர்வுநிலை துயரத்தை வலுவாக "எதிர்வுகூறுகிறது" என்றால், கவலைப்படுகிறவர் கவலைப்படுகிறார் என்பதைத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

ஆகவே ஒவ்வொரு இணைபையும் இரண்டு தடவை கணியுங்கள். முதல் தடவை களம் முழுமையாக. இரண்டாம் தடவை எதிர்மறை உணர்வுநிலையிலிருந்து 8, 9, 15 ஐயும், விலகிநிற்றலிலிருந்து 4, 18 ஐயும் கழற்றிவிட்டு. விலகிநிற்றலில் மிஞ்சும் 13, 14, 16 மூன்றும் மனிதரோடு நெருங்குவதைப் பற்றியவை. இந்த மூன்றும் மனச்சோர்வோடு இன்னும் தொடர்பு காட்டினால் அது உண்மையிலேயே சொல்லத்தக்க செய்தி. காட்டாமல் விழுந்துவிட்டால் அதுவும் செய்திதான், அதையும் எழுதுங்கள். இதில் ஒரு நட்டமும் உண்டு: கேள்வி குறையக் குறைய நம்பகத்தன்மை (அளவை எவ்வளவு சீராக அளக்கிறது என்பது) குறையும், அதனாலேயே இணைபும் கொஞ்சம் இறங்கும். எனவே இரண்டாம் எண்ணை முதலாம் எண்ணோடு நேரடியாக ஒப்பிட்டு "பாதியாகிவிட்டது" என்று கூவாமல், இரண்டுக்கும் நம்பகக் குணகத்தைப் பக்கத்திலேயே கொடுங்கள். டாஸுக்குப் பதிலாக 10 கேள்விக் கெஸ்லர் அளவையைப் பாவித்தாலும் இந்தச் சிக்கல் தீராது. அதிலும் பதற்றம், நம்பிக்கையின்மை, தான் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணம் எல்லாம் இருக்கின்றன.

மொழிபெயர்ப்பில்தான் கூடுதல் நேரம் செலவிடவேண்டும் என்பது என் கருத்து. வினாக்கொத்தை ஆய்வாளர்கள் இலவசமாகப் பாவிக்கலாம். ஆனால் மொழிபெயர்ப்பதற்கு உரிமையாளரான அமெரிக்க உளமருத்துவச் சங்கத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பிறகு இருவர் தனித்தனியே தமிழாக்கி, ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் ஆங்கிலத்துக்குத் திருப்பவேண்டும். இது எல்லாரும் செய்வது. ஆனால் நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர், கோணலான தமிழ் வசனத்தையும் நேராக்கித் திருப்பிவிடுவார். அதனால் திருப்பிய ஆங்கிலம் அழகாக இருக்கும், தமிழ் வசனமோ மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒருவருக்கும் விளங்காது.

முதலாவது கேள்வியையே எடுங்கள். பின்விளைவு பாராமல் நடக்கிறவர் என்று மற்றவர்கள் தன்னைச் சொல்வார்கள் என்பது கருத்து. அதைத் "துணிச்சலானவர்" என்று பெயர்த்தால் பாராட்டாகிவிடும். கட்டுப்பாடுள்ள பொடியன்களும் 3 ஐக் குறிப்பார்கள். "எடுத்தேன் கவிழ்த்தேன் என்று நடக்கிற ஆள்" என்று போட்டால் கேள்வி கேட்பது பிடிபடும். பதில் தெரிவுகளிலும் இதே கண்ணி. மூலத்தில் உள்ளதை அப்படியே "ஓரளவு பொய்" என்று போட்டால், தன்னைப் பொய்யன் என்று கேட்கிறார்களோ என்று ஆள் திகைப்பார். "எனக்குக் கொஞ்சமும் பொருந்தாது, பெரும்பாலும் பொருந்தாது, ஓரளவு பொருந்தும், நன்றாகப் பொருந்தும்" என்று வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் டாஸ் தெரிவுகளும் "பொருந்தும்" என்றே முடிவதால், இரண்டையும் அடுத்தடுத்துக் கொடுத்தால் கை பழகிய பக்கமே போகும். நடுவில் வயது, படிப்பு, குடும்ப விபரம் கேட்கும் பக்கத்தை வையுங்கள்.

13 ஆம் கேள்வி காதல் உறவுகளைத் தவிர்ப்பது பற்றியது. இங்கே தாய் தகப்பன் வீட்டில் இருக்கும் 19 வயதுப் பிள்ளை "நன்றாகப் பொருந்தும்" என்று குறித்தால் அது விலகிநிற்றலா, வீட்டு ஒழுங்கா? திருமணமானவருக்கோ கேள்வியே அவமதிப்பாகப்படும். "ஒருவரோடு மனம்விட்டு நெருங்கிப் பழகுவதை" என்று கருத்தை நகர்த்தலாம்; ஆனால் அப்படி நகர்த்தினால் 16 ஆம் கேள்வியோடு மோதும். இரண்டில் எதைத் தெரிந்தாலும் காரணத்தை எழுதிவையுங்கள். 20 ஆம் கேள்வி தன்னைவிட முக்கியம் குறைந்தவர்களோடு பழகவேண்டியிருப்பது பற்றியது. குலப் பிரிவான குடிமுறை இன்னும் கோயில் வரிசையில் நிற்கும் ஊரில், இதை ஆணவமாக அன்றி வெறும் நிலவரமாகவே சிலர் எடுத்துக்கொள்வார்கள்.

12 ஆம் கேள்விதான் ஆகக் கடினம்: உண்மையில் இல்லாதவற்றைக் கண்டது. வைகாசிச் சடங்கில் தெய்வமாடி வாக்குச் சொல்வதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவருக்கு அது "இல்லாதது" அல்ல. ஜின்னைப் பற்றிப் பேசும் வீட்டில் வளர்ந்தவருக்கும் அப்படியே. இறந்துபோன உறவினர் வாசலில் நின்றதைக் கண்டதாகச் சொல்கிறவர் துக்கத்தைச் சொல்கிறார். 23, 24 ஆம் கேள்விகள், அதாவது நினைவு எங்கோ போய்த் திரும்புவதும் சுற்றுப்புறம் நிஜமில்லாததுபோல் தோன்றுவதும், போரோ வெள்ளமோ கடல்கோளோ கண்டவர்களில் அதிர்ச்சியின் எச்சமாக வரலாம். 2004 கடல்கோளில் இலங்கையில் ஆகக் கூடுதலானோர் இறந்தது அம்பாறை மாவட்டத்தில். உங்கள் மாதிரியில் பலருக்கு அது நேரடி நினைவாக இராது, ஆனால் வளர்ந்த வீட்டின் நினைவு. எனவே உளப்பிறழ்வுச் சாயலில் புள்ளி கூடியவரைப் பற்றி எழுதும்போது "விசித்திர ஆளுமை" என்ற சொல்லை எழுதாமல் விடுங்கள்.

இவற்றை மேசையில் இருந்து கண்டுபிடிக்க முடியாது. பத்துப் பதினைந்து பேரை இருத்தி, ஒவ்வொரு கேள்வியாக வாசித்து, "இதை உங்கட சொல்லில சொல்லுங்க, எதை நினைச்சு இந்த இலக்கத்தைக் குறிச்சீங்க?" என்று கேளுங்கள். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை, ஏறாவூர் அல்லது காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று ஆட்களை விரித்தெடுங்கள். இந்தியத் தமிழில் செய்த பெயர்ப்பு ஏதும் கையில் கிடைத்தாலும் இந்தப் படியைத் தாண்டாதீர்கள். அங்கே "மன அழுத்தம்" என்பதை மனச்சோர்வுக்கும் சொல்வார்கள், இங்கே நெருக்கீட்டுக்கு. "பதகளிப்பு" பாடப்புத்தகச் சொல். வாயில் வருவது "நெஞ்சு பதறுது", "அந்தரமா இருக்கு", "யோசினை கூடிப்போச்சு".

தாளைக் கொடுக்கும் காலமும் இடமும் புள்ளியை நகர்த்தும். பி.ஐ.டி பொதுவாக நீங்கள் எப்படி என்று கேட்கிறது, டாஸ் கடந்த ஒரு வாரத்தைக் கேட்கிறது. டாஸை முதலில் கொடுத்தால் அந்த வாரத்து மனநிலையோடேயே குணத்துக்கும் பதில் வரும். பி.ஐ.டி முதலில், டாஸ் பின்னர். முடிந்தால் பாதிப்பேருக்கு மாற்றிக் கொடுத்து வித்தியாசம் வருகிறதா என்று பாருங்கள். டாஸின் 2 ஆம் கேள்வி வாய் உலர்வதைக் கேட்கிறது, பதகளிப்புப் பிரிவில் கூட்டப்படுவது. நோன்பு மாதத்தில் பின்னேரம் நான்கு மணிக்கு இந்தக் கேள்வியைக் கொடுத்தால் என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த ஒரு கேள்வியாலேயே முஸ்லிம் மாணவர்களின் பதகளிப்பு தமிழ் மாணவர்களினதைவிடக் கூடிவிடும், பிறகு அதற்கு ஒரு விளக்கம் வேறு எழுதுவீர்கள். மாரிவெள்ளக் காலம், பரீட்சைக்கு முந்திய வாரம் இரண்டையும் தவிர்க்கவேண்டும்.

வீட்டுக்கு வீடு போய் வாசித்துக் கேட்பது இந்த ஆய்வுக்குப் பொருந்தாது. பக்கத்தில் மாமி இருக்க, மற்றவர்களைப் பாவித்துக் காரியம் முடிக்கிறவரா என்று கேட்டால் பூச்சியம்தான் வரும். பகைமைக் களத்தில் எல்லாரும் பூச்சியத்தில் குவிந்தால் விரிவு இல்லை, விரிவு இல்லாத இடத்தில் இணைபும் இல்லை. "பகைமைக்கும் துயரத்துக்கும் தொடர்பில்லை" என்று எழுதமுன் நியம விலகலைப் பாருங்கள். பகைமை சுயதுயரத்தோடு பலவீனமாகவே இணைவது பொதுவாகக் காணப்படுவதுதான், ஏனென்றால் அது கூடுதலாக மற்றவர்களை வருத்தும் குணம். ஆனாலும் உங்கள் தரவில் அது குணத்தாலா, கூச்சத்தாலா என்பது தெரியவேண்டும். தாமே நிரப்பி, உறையில் ஒட்டித் தரும்படி வையுங்கள்.

தரவேற்றத்தில் நடக்கும் ஒரு பிழை முழு ஆய்வையும் கெடுத்துவிடும். இணையப் படிவமோ தரவுத்தாளோ நான்கு தெரிவுகளையும் 1, 2, 3, 4 என்று பதிந்துவிடும். டாஸில் பிரிவுக்கு 7 கேள்விகள். கூட்டி 2 ஆல் பெருக்கவேண்டும், வெட்டுப்புள்ளிகள் 42 கேள்வி வடிவத்துக்குரியவை என்பதால். ஒன்றிலிருந்து தொடங்கினால், ஒரு குறையும் இல்லாத ஆளுக்குப் பிரிவுக்கு 14 வரும். மனச்சோர்வில் 14 முதல் 20 வரை நடுத்தரம், பதகளிப்பில் 10 முதல் 14 வரை நடுத்தரம், நெருக்கீட்டில் 14 வரை இயல்பு. ஒருவர்கூடச் சோர்வில் இயல்பாக இல்லை, நெருக்கீட்டில் மட்டும் பலர் இயல்பு என்ற விசித்திர முடிவு வந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். மறுபக்கப் பிழை, இரண்டால் பெருக்க மறப்பது: மனச்சோர்வில் மூலக்கூட்டு 12 என்றால் உண்மையில் 24, கடுமை, பெருக்காமல் விட்டால் 12, இலேசு.

200 பேர் போதுமா? இணைபு 0.30 என்று வந்தால், 200 பேரோடு அதன் 95% நம்பிக்கை இடைவெளி ஏறக்குறைய 0.17 முதல் 0.42 வரை. 400 பேர் என்றால் 0.21 முதல் 0.39 வரை. ஒட்டுமொத்த இணைபை மட்டும் சொல்வதானால் 250 ஐத் தொடுங்கள். தமிழ், முஸ்லிம் மாணவர்களையோ ஆண், பெண்ணையோ ஒப்பிட நினைத்தால் குழுவுக்கு 200 வேண்டும். அதற்குமுன் கேள்விகள் இரு குழுவிலும் ஒரே மாதிரி வேலை செய்கின்றனவா என்ற அளவீட்டுச் சமத்துவத்தைச் சோதிக்கவேண்டும். இரு குழுவுக்கும் ஒரே மதிப்பு என்ற கட்டுப்பாடுகளைக் கூட்டும்போது, தரவோடு பொருந்துவதைக் காட்டும் சி.எஃப்.ஐ (CFI) என்ற சுட்டெண் 0.01 க்கு மேல் விழுந்தால் குழுச் சராசரிகளை ஒப்பிடாதீர்கள். நான்கே தெரிவுகள் உள்ளதால் காரணிப் பகுப்பாய்வை வரிசைநிலைத் தரவுக்குரிய முறையில் செய்யுங்கள். ஜமோவி, ஜாஸ்ப், ஆர் என்ற புள்ளிவிபர மென்பொருள்கள் எல்லாம் இலவசம்.

குரோன்பாக் அல்ஃபா என்ற நம்பகக் குணகம் சில களங்களில் 0.60களில் வந்தால் பதற வேண்டாம். ஐந்து கேள்விகளும் வெவ்வேறு உபகுணங்களைத் தொடுவதால் அது எதிர்பார்த்ததே. அல்ஃபாவை ஏற்றுவதற்காகக் கேள்விகளைத் தூக்கினால் களம் ஒடுங்கிவிடும். ஒமேகா என்ற இன்னொரு நம்பகக் குணகத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அளவீட்டுப் பிழைக்கான திருத்தமும் செய்யலாம்: அவதானித்த இணைபு 0.55, இரு அளவைகளின் நம்பகம் 0.72, 0.90 என்றால், 0.55 ஐ இரண்டின் பெருக்கத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க ஏறக்குறைய 0.68. இந்த எண்ணைத் தனியே விடாதீர்கள், 0.55 ஐயும் பக்கத்தில் வையுங்கள்.

ஐந்து களங்களையும் ஒரே பின்னடைவுச் சமன்பாட்டில் (regression) போடும்போது இன்னொரு குழப்பம் வரும். களங்கள் தங்களுக்குள் இணைந்தவை. தனியே பார்க்கும்போது நேராக இருந்த கட்டுப்பாடின்மை, எதிர்மறை உணர்வுநிலை பக்கத்தில் வந்ததும் மறையாக, அதாவது எதிர்க்குறியோடு, திரும்பக்கூடும். உடனே "கட்டுப்பாடின்மை துயரத்திலிருந்து காக்கிறது" என்று முடிவெழுதிவிடுகிறார்கள். சாதாரண இணைபையும் பின்னடைவுக் குணகத்தையும் ஒரே அட்டவணையில் பக்கம்பக்கமாகக் கொடுத்தால் வாசிப்பவருக்கே விளங்கும்.

உங்கள் முதற்கேள்விக்கு, அதாவது எது முந்தி என்பதற்கு, ஓரளவாவது கிட்டப் போகவேண்டுமானால் டாஸை மட்டும் நான்கு கிழமைக்குப் பின்னர் மறுபடி கொடுங்கள். முதல்நாள் துயரத்தைக் கட்டுப்படுத்திய பின்னும் குணம் இரண்டாம்நாள் துயரத்தோடு இணைகிறதா என்று பாருங்கள். அநேகமாக எண் மிகச் சிறிதாகும். இறுதியாண்டு மாணவருக்கு அது சங்கடமாக இருக்கலாம், ஆனால் பரீட்சகர் கேட்கும் முதல் கேள்விக்கு அதுதான் பதில். இரண்டு தடவையையும் பொருத்த, பெயருக்குப் பதில் தாயின் பெயரின் முதலெழுத்து, பிறந்த திகதி, வீட்டு இலக்கத்தின் கடைசி எண் என்று ஒரு குறியீட்டை அவர்களையே எழுதச் சொல்லுங்கள்.

ஒழுக்கநெறிக் குழுவுக்கு விண்ணப்பிக்கும்போது ஒரு விடயத்தைத் தெளிவாக எழுதவேண்டும். டாஸில் தற்கொலை எண்ணம் பற்றி நேரடிக் கேள்வி இல்லை. அர்த்தமின்மை பற்றிய 21 ஆம் கேள்வியில் 3 ஐக் குறித்தவரை உங்களுக்கு எப்படித் தெரியும்? பெயரில்லாத் தாள்களை வாங்கி, மூன்று மாதம் கழித்துத் தரவேற்றும்போது காண்பதால் அவருக்குப் பயனில்லை. கடைசிப் பக்கத்தில், யாருடனாவது பேச விரும்பினால் தொலைபேசி இலக்கம் எழுத இடம் விட்டு, அதைக் கிழித்து வேறு உறையில் போடச் சொல்லுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926 ஐ எல்லாருக்கும் கொடுக்கும் துண்டில் அச்சிடுங்கள். பிரதேச வைத்தியசாலையின் மனநல மருத்துவ அதிகாரியிடம் முன்கூட்டியே பேசி, எந்த நாள் கிளினிக், யாரிடம் அனுப்புவது என்று எழுத்தில் வாங்கிவையுங்கள். அந்த இரண்டாவது உறையைத் தாள் சேர்த்த அன்று பின்னேரமே திறக்கவேண்டும்.